மோயாற்றுப் பாறுகளுக்காக, பாதுகாப்புத் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோனதும், மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றதுதான் அதற்குக் காரணம் என்பதும் நீங்கள் அறிந்ததே. 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தீர்கள். 2023இல் அதே போன்ற வலிநீக்கிகளான கீட்டோபுரோஃபேனையும் அசிக்ளோஃபினாக்கையும் நிறுத்தினீர்கள். அதற்கு நன்றி.

ஆனால் இந்தப் பறவை எல்லா ஊரிலும் ஒரே காரணத்தால் சாவதில்லை. கம்போடியாவில் இந்த ஊசிப் பிரச்சினை பெரிதல்ல. அங்கே காட்டு விலங்கு குறைந்து இரைக்குப் பஞ்சம், போதாக்குறைக்கு நஞ்சு. நீலகிரிப் பக்கத்து எங்கள் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் ஊசியைவிட எனக்குப் பயம் தருவது, புலி அடித்த மாட்டின் மேல், புலியைக் கொல்லத் தூவும் பூச்சிமருந்து.

அண்மையில் பக்கத்து வீட்டு அக்காவின் சினைமாட்டைப் புலி அடித்தது. சான்றிதழ், போட்டோ, கையெழுத்து எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மாடு செத்த இடம் காப்புக்காடா பட்டா நிலமா என்ற கேள்வியில் இழப்பீட்டு மனு நிற்கிறது. மாடு வாங்கிய கடனின் தவணை மட்டும் நிற்கவில்லை. அன்று சாயங்காலமே ஒருவர் டப்பாவோடு வந்து, "தூவிடட்டுமாக்கா?" என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த மாடும் போனால் அவரிடம் நான் எந்த முகத்தோடு பொறுமை கேட்பேன்?

ஒரு செத்த மாட்டின் மேல் பாறுகள் கூட்டமாகத்தான் இறங்கும்; மருந்து தூவியிருந்தால் கூட்டமாகவே சாகும். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை. நீர்மத்தி மரங்களில் இருக்கும் கூடுகள் ஒரே நாளில் அநாதையாகிவிடும்.

ஆகவே இழப்பீட்டை உடனே கொடுங்கள். மாடு செத்த வாரத்துக்குள் பணம் கைக்கு வரட்டும்.

விழிப்புணர்வுக் கூட்டத்தில் மாட்டுக்காரர்களை உட்காரவைத்துக் குற்றவாளிகளைப்போல் பேசுகிறார்கள். காட்டோரம் சொகுசு விடுதி கட்டுகிறவர்களிடம் அந்தக் குரல் எழும்புவதில்லை. எங்கள் மந்தையில் செத்த மாடுகளைத் தின்றுதான் இந்தப் பாறுகள் இத்தனை காலம் பிழைத்தன என்பதை யாராவது ஒருமுறையாவது சொல்லக்கூடாதா?

மனத்தாங்கலில் சற்று உரக்கவே எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. ஐப்பசி வாக்கில் பாறுகள் கூடு கட்டத் தொடங்கிவிடும். அதற்குள் உடனடி இழப்பீட்டுக்கு ஆணை பிறப்பிக்குமாறும், நிலம் யாருடையது என்ற விசாரணையைப் பணம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோயாற்றங்கரை மாட்டுக்காரர்களில் ஒருவன்