கொக்கி குமார் படம் வைத்திருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் ரூமில் இருக்கும் தன்பாத் பையன் தமிழில் நல்ல தாதா படமாகப் பார்க்க வேண்டும் என்கிறான், எதை முதலில் போடுவது என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். "அம்மா ரத்தப் படமாப் பாக்குறாங்க" என்று அவனிடம் சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுத்தான் பார்க்கிறேன்.

முதலில் சசிகுமாரின் சுப்ரமணியபுரம் போடு. அவன் ஊர்க் கதைதானே கேங்ஸ் ஆஃப் வாசேபூர் என்கிற இந்திப் படம்? அதில் டைட்டில் ஓடும்போதே இயக்குநர் அனுராக் காஷ்யப் நம் பாலா, அமீர், சசிகுமார் மூன்று பேருக்கும் நன்றி போட்டிருப்பார். தன் சொந்த மண்ணுக்குத் திரும்பிப் படமெடுக்கத் தூண்டிய மதுரைக்காரர்கள் என்று. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற அந்த இரண்டு பாகத்தையும் பார்த்தவனுக்கு, அதன் தாய்வீடு மதுரை ஜெய்ஹிந்துபுரத்துப் பக்கம் இருப்பது தெரியவேண்டாமா?

படம் வந்தது 2008-ல், கதை நடப்பது 1980-ல். அந்த வருஷம் நான் பாவாடை தாவணி. உன் பெரிய மாமா பெல்பாட்டமும் காதை மறைக்கும் முடியும் பெரிய காலர் சட்டையுமாகத் தெருவில் நின்ற காலம். அதனால் அந்தப் படத்தில் தப்புக் கண்டுபிடிக்கவே போனேன். அகப்படவில்லை. கலை இயக்குநர் ரெம்போன் தெருவையே பிடித்து வைத்திருந்தார். திருவிழா ரேடியோ செட், முரட்டுக்காளை ஓடும் தியேட்டரில் விசில், பின்னால் எங்கிருந்தோ கேட்கிற 'சிறு பொன்மணி அசையும்'. ஆனால் சாமான்களுக்காக நான் அந்தப் படத்தைச் சொல்லவில்லை. அதில் இருப்பவர்கள் தாதாக்களே கிடையாது. வேலைவெட்டி இல்லாத பையன்கள். ஒரு ஆளுக்குக் கட்சிப் பதவி கைநழுவிப் போய்விடுகிறது, அவர் முகம் வாடிவிடுகிறது, அந்த வாட்டத்தைப் போக்க இவர்கள் கொலை செய்கிறார்கள். காசுக்காகக்கூட இல்லை. உள்ளே போனதும் ஜாமீன் எடுக்க அந்த ஆள் எட்டிப்பார்க்கவில்லை. இப்படிப் போன பையன்களை எங்கள் தலைமுறையில் எல்லாத் தெருவிலும் பார்த்திருக்கிறோம். 'கண்கள் இரண்டால்' பாட்டை ரிங்டோனாக வைத்துக்கொண்டவர்களுக்கு, கதாநாயகி துளசி கடைசியில் என்ன செய்கிறாள் என்பது மட்டும் எப்படி மறந்துபோனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. (அந்தப் பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லித் தொலைக்காதே.)

அடுத்து நாயகன் போடுவாய். போடு. 1987 தீபாவளிக்கு அதுவும் மனிதனும் ஒரே நாளில் வந்தன. மாமா ரஜினி பக்கம் போனார், நான் கமல் பக்கம். தாராவியை மெட்ராஸில் செட்டாகப் போட்ட தோட்டா தரணிக்கும், பி.சி.ஸ்ரீராமுக்கும், கமலுக்கும் தேசிய விருது கிடைத்தது. அதெல்லாம் சரி. ஆனால் அந்தப் படம் நமக்கு நல்ல தாதா ஒருவரைக் கொடுத்துவிட்டது. நாலு பேருக்கு நல்லது என்றால் எதுவும் தப்பில்லை என்கிறவர். அதற்கப்புறம் இருபது வருஷம் நம் ஆட்களால் அந்த வெள்ளை வேட்டியை விட்டு வெளியே வர முடியவில்லை. கத்தி எடுத்தவன் எல்லாம் ஏழைகளுக்கு அரிசி மூட்டையும் கொடுத்தான்.

அதை உடைத்தது புதுப்பேட்டை. இங்கேதான் உன்மேல் எனக்குக் கோபம். வாட்ஸ்அப்பில் அதில் தனுஷ் நடித்த ரவுடி கொக்கி குமார் படத்தை வைத்திருக்கிறாய். ரீரிலீஸ் செய்தபோது நண்பர்களோடு போய்க் கத்தினாயாம். 2006-ல் அது வந்தபோது அப்பா இடைவேளையில் எழுந்து வந்துவிட்டார், "என்னடி இது, ஒருத்தன்கூட நல்லவன் இல்ல" என்று. அப்பா சொன்னதுதான் அந்தப் படம். அதைக் குறையாகச் சொன்னார் அவர், நான் பெருமையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார். நாயகனில் வேலு விடுதியில் நீலாவைப் பார்க்கிறான். அவள் நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்கிறாள். அவன் உருகிப் போய் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். புதுப்பேட்டையிலும் குமார் விடுதியில் இருக்கும் கிருஷ்ணவேணியை மீட்கத்தான் தன் தலைவன் அன்புவையே எதிர்க்கிறான். அந்த இடம்வரை இவனும் நாயகன்தான். அப்புறம் என்ன செய்கிறான்? கூட்டாளியின் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகிறான். பெரிய மனுஷன், தாலி எடுத்துக் கொடுங்கள் என்கிறார்கள். எடுத்தவன் தானே கட்டிவிடுகிறான். மீட்டு வந்தவள் வீட்டில் இருக்க, மேடையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தி கழுத்தில். செல்வராகவன் மணிரத்னத்தின் கதையை எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினார் என்றுதான் நான் நினைக்கிறேன். யுவனின் பின்னணி இசை ஏறுகிற ஏற்றத்தில் உனக்குக் கை தட்டத் தோன்றுகிறது. தனுஷின் ஒல்லி உடம்பைப் பார்க்கும்போது பாவமாகவும் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை அந்தக் கல்யாணக் காட்சியில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கும் சோனியா அகர்வாலைப் பார். அவனைப் பார்க்காதே. அப்புறமும் அந்தப் படம் போனில் இருக்கவேண்டும் என்றால் இருக்கட்டும்.

கல்ட் படம், கல்ட் படம் என்கிறீர்களே, அது நிஜமாகவே பொருந்துவது ஆரண்ய காண்டத்துக்கு. சென்சாரில் 52 இடத்தில் வெட்டச் சொல்லி, மேல்முறையீட்டு டிரிப்யூனல் வரைக்கும் போய், 2011-ல் வெளியாகி, வந்த சுவடு தெரியாமல் தியேட்டரை விட்டுப் போனது. தியாகராஜன் குமாரராஜாவுக்கு முதல் படம். அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வந்தபோது பார்க்கலாம் என்றால் ஊரில் எந்தத் தியேட்டரிலும் இல்லை. பிறகு ஆளுக்கு ஆள் காதில் சொல்லிச் சொல்லித்தான் அது வளர்ந்தது. வசவெல்லாம் காது கூசும். அப்பா திருப்பரங்குன்றம் போயிருந்த நாளில் பார்த்தேன்.

ஒரே நாளில் முடிகிற கதை. ஜாக்கி ஷெராஃப் வயசான தாதா, எல்லாம் தளர்ந்துவிட்ட ஆத்திரம் முகத்தில். பாட்டு கிடையாது. எல்லாரையும் விட நன்றாக யோசிப்பது அவர் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பெண் சுப்புதான், அது கடைசியில்தான் நமக்கு விளங்கும். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியும். காளையன் நொடித்துப்போன ஜமீன், குடிகாரன், சண்டைச் சேவலை நம்பிப் பட்டணம் வந்தவன். அந்த ஆளுக்காகப் பையன் உயிரைக் கொடுத்து அலைகிறான். உன் அப்பாவை அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டால், அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அவர் எங்க அப்பா என்கிறான். ரவுடிப் படத்துக்கு நடுவில் எங்கிருந்து வந்தது இந்த வசனம்! அங்கேயே படத்தை நிறுத்திவிட்டுக் காபி போட்டு வந்தேன். தொடர்ந்து பார்க்க முடியவில்லை.

இந்த மாதிரிப் படங்களை நான் எடைபோடுவது ஒரே ஒரு கணக்கில்: யாருக்குப் பயமாக இருக்கிறது? குத்துகிறவனுக்கும் பயம் இருந்தால் அது நல்ல படம். வட சென்னையை அதற்காகவே பார்க்கச் சொல்வேன். படம் தொடங்கும்போது 1987, ஒரு ஓட்டல். மேஜைமேல் ரத்தக் கத்திகள், சுற்றி நாலு பேர். கொலை முடிந்துவிட்டது, யார் செத்தது என்று காட்டவில்லை. அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொள்கிறார்கள். பின்னால் வெகுநேரம் கழித்து அந்த ஓட்டலுக்கே வெற்றிமாறன் நம்மைக் கூட்டிப்போகிறார். இப்போது அமீர் நடித்த ராஜன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். நாலு பேரும் ஆயுதத்தோடு வந்திருக்கிறார்கள், ஆனால் யாரும் ஆரம்பிக்க மாட்டேன் என்கிறார்கள். இவன் அவன் முகத்தைப் பார்க்கிறான், அவன் வேறெங்கோ பார்க்கிறான். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. நடக்கப்போவது தெரிந்தும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த நாலு பேரும் வளர்த்துவிட்டவனைக் கொல்ல வந்தவர்கள், அது அவர்கள் கையில் தெரிகிறது. அதற்கப்புறம் ஆண்ட்ரியாவின் சந்திரா வருஷக்கணக்காக எதை மனசில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள் என்பதைப் பார்த்தால், அந்த நாலு பேரில் குணாவும் செந்திலும் அடித்துக்கொள்வதெல்லாம் சில்லறைச் சண்டையாகிவிடும்.

மிஷ்கினின் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ராத்திரி ஒரு மணிக்கு மேல் பார்க்கவேண்டிய படம், விளக்கை அணைத்துவிட்டுப் போடு. இளையராஜாவின் பின்னணி இசைக்காகவே நல்ல ஸ்பீக்கர் கடன் வாங்கு. ஜிகர்தண்டாவும் சூது கவ்வும் படமும் சிரிப்பதற்கு. ஜிகர்தண்டாவில் நடித்த பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், தகும்.

விசாரணையை மட்டும் வாரநாளில் போடாதே. அது கதையல்ல. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார், ஆந்திராவில் போலீஸ் தன்னைப் பிடித்து வைத்து அடித்ததை 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார், அதிலிருந்து வந்தது முதல் பாதி. அந்தப் படத்தில் அருவாள் இல்லை, அடியாள் இல்லை. இருந்தும் மேலே சொன்ன அத்தனை படத்தைவிடவும் அதில் அடி வலிக்கிறது. வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள், ஆஸ்கருக்கும் இந்தியா சார்பில் அனுப்பினார்கள். பார்த்துவிட்டு உடனே தூங்க முடியாது, மறுநாள் லீவாக இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் ஆங்கில சப்டைட்டில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள். வடசென்னைப் பேச்சு உனக்கே பாதி புரியாது, அவனுக்கு நீ நிறுத்தி நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தால் படம் கெட்டுவிடும். பதிலுக்கு அவன் ஊர்ப் பக்கத்தில் இப்படி எடுத்த வேறு படம் இருந்தால் பெயர் வாங்கி அனுப்பு, அப்பா அடுத்த வாரம் கல்யாணத்துக்குச் சிவகாசி போகிறார், வீடு காலிதான்.

அன்புடன்
அம்மா