கார்டு வந்து சேர்ந்தது

ரங்கூன்

அன்புள்ள மாரி,

தீபாவளிக்கே எழுதியிருக்க வேண்டும். திட்டுவதையெல்லாம் பதில் கடிதத்தில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். கரண்ட்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது. சென்னையில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் தின்றுவிட்டு ‘பர்மா ஏக்கம்’ என்று எழுதுகிறாயே, ஒரு மாதம் இந்த இருட்டில் வந்து உட்கார், ஏக்கம் இறங்கிவிடும்.

நீ அனுப்பிய மெமரி கார்டைச் செல்வி அக்கா கொண்டுவந்து கொடுத்தார். உன் மருமகனின் பொறுமைதான் தெரியுமே, உடனே வாங்கி பீலிக்கான் கோயில் தீமிதி வீடியோவை ஏற்றிப் பார்த்தான். ஏறவில்லை. பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, இருந்தும் ஏறவில்லை. கடைக்காரர் ஒருவர் ‘டூப்ளிகேட் கார்டு, புதுசு வாங்கு’ என்றாராம். எனக்கு வந்ததே கோபம்! 64 ஜிபி கார்டை நீ ஏதோ ஒரு மென்பொருளில் ஃபேட்32 ஆக்கி வைத்திருக்கிறாய், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறை, அவ்வளவுதான் விஷயம். அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் எழுத முடிகிற பெரிய எண்ணே 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. தீமிதியோ 7 ஜிபி.

‘என்டிஎஃப்எஸ் போட்டுடலாம் மாமா’ என்றான், விண்டோஸ் கணினிகளின் முறை அது. போடலாம், அப்புறம் கேமரா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைதான் சரி. 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகளுக்கு 2009இல் வந்த தரவிதியே அதைத்தான் சொல்கிறது. 2019இல் அதன் விவரங்களை வெளியிட்ட பிறகு லினக்ஸிலும் சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எதுவரை முடிந்தது என்று பார்த்துச் சரிசெய்ய என்டிஎஃப்எஸ் ஒரு பதிவு வைத்திருக்கிறது, எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற இடக்கணக்கு அட்டவணையை ஃபேட்32 இரண்டு பிரதியாக வைக்கும், இதில் பெரும்பாலும் ஒன்றுதான். நம்ம ஊர் கரண்டுக்கு இப்படி ஒரு துணிச்சல்! அதனால் பேட்டரியுள்ள லேப்டாப்பில் மட்டும் ஏற்று, ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்காதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கோயில் பிளேயருக்கு ஃபேட்32 தவிர எதுவும் புரியாது. பஜனைப் பாட்டு உள்ள 8 ஜிபி கார்டு அப்படியே இருக்கட்டும், அதைத் தொட்டு பூசாரியிடம் யார் பேச்சு வாங்குவது?

மாரி, உன் கார்டை நான் இன்னும் பார்மட் செய்யவில்லை. ‘அழித்துவிட்டுக் கொடு’ என்று எழுதியிருந்தாயே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? அம்மாவின் குரல் இருக்கிறது. சீட்டுப் பணத்துக்காகச் செட்டியாரிடம் சண்டை, நடுவில் உன்னையும் ‘மூதேவி’ என்கிறார்கள். குயிக் பார்மட் அட்டவணையைத்தான் காலி செய்யும், ஃபோட்டோரெக் மாதிரி மீட்பு மென்பொருள் ஏதாவது போட்டு மீட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பையன் அதன்மேல் ஒரு தீமிதியை ஏற்றிவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது.

என் கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று என்று பிரதி எடுத்துவிட்டேன். இருந்தாலும் நீ சொல்லாமல் கை வைக்க மாட்டேன். உன் மருமகன் தினமும் வாசலில் வந்து நிற்கிறான், சீக்கிரம் எழுது.

உன்,
கண்ணன்