சுருக்கத்தில் இல்லாத பதினைந்து நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் கற்பித்து வருகிறேன். இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தங்கள் நாளிதழ் இணையத்தில் நாள்தோறும் வாசிக்கப்படுகிறது. அந்தப் பெற்றோரை மனத்தில் வைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். பெற்றோர் சந்திப்பு நாளில் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கி, நானும் தமிழ்தான் என்று தெரிந்ததும் சட்டென்று தமிழுக்கு மாறி, குரலைச் சற்றே தாழ்த்தி அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: "இந்தப் பழைய நாவல்களை முழுசாப் படிச்சே ஆகணுமா, மேடம்? கதை தெரிஞ்சாப் போதாதா?" அடுத்த பெற்றோர் வாசலில் காத்திருக்கும்போது சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று அது.

போதாது என்பதே என் பதில். ஏன் என்பதை ஒரே ஒரு பக்கத்தைக் கொண்டு சொல்கிறேன்.

மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்காவில் 1885-இல் வெளிவந்தது. அதன் பதினைந்தாம் அத்தியாயத்தில், வீட்டை விட்டு ஓடிவந்த ஹக் என்ற வெள்ளைச் சிறுவனும், அடிமை வாழ்விலிருந்து தப்பிவந்த ஜிம்மும், மிசிசிப்பி ஆற்றின் மூடுபனியில் ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள். இரவெல்லாம் கூவித் தேடிக் களைத்து ஜிம் தெப்பத்திலேயே உறங்கிப்போகிறான். திரும்பி வந்த ஹக், தான் எங்கும் போகவே இல்லை, நடந்ததெல்லாம் நீ கண்ட கனவு என்று சொல்லி அவனை நம்பவைத்து விளையாடுகிறான். பிறகு தெப்பத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சருகையும் குப்பையையும் உடைந்த துடுப்பையும் காட்டி, இவற்றுக்கு என்ன பொருள் என்று கேட்கிறான். குப்பையையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த ஜிம், நண்பனின் தலையில் அழுக்கைப் போட்டு அவனை வெட்கப்படவைக்கிறவர்கள்தாம் குப்பை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

இந்தப் பாடத்தை எடுத்தபோது, சுருக்கக் குறிப்பைப் படித்துவிட்டு வந்திருந்த ஒரு மாணவியிடம், அடுத்து என்ன நடக்கிறது என்று கேட்டேன். ஹக் ஜிம்மிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்றாள். சரியான விடை, தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டேன். அவள் பேசவில்லை. புத்தகத்தைத் திறந்து தேடினாள். ஒரு கறுப்பினத்தவனிடம் போய்த் தலை தாழ்த்துவதற்குத் தன் மனத்தைத் தயார்ப்படுத்தப் பதினைந்து நிமிடங்கள் ஆயின என்று ஹக்கே சொல்லுகிறான். அந்தப் பதினைந்து நிமிடங்கள் எந்தச் சுருக்கத்திலும் இல்லை. ஒரு சிறுவன் தான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த அத்தனையையும் எதிர்த்துத் தனக்குள்ளேயே போராடும் நேரம் அது. "மன்னிப்புக் கேட்கிறான்" என்று இரண்டே சொற்களில் கடந்துபோனால், அந்த நாவலை ஏன் படிக்கிறோம் என்பதே கைநழுவிப் போகிறது.

அதே வாக்கியத்தில்தான் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லும் இருக்கிறது. நூல் முழுவதிலும் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. இது குறித்துப் பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. வகுப்பில் அமர்ந்திருக்கும் கறுப்பின மாணவனுக்கு அது பழங்காலச் சொல் அன்று, இன்றைக்கும் காயப்படுத்தும் சொல். 2011-இல் வந்த ஒரு பதிப்பு அந்தச் சொல் வரும் இடங்களில் 'அடிமை' என்று மாற்றிப் போட்டது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் ஹக்கின் தந்தை அதே சொல்லால் ஏசுவது ஓஹையோவிலிருந்து வந்த, அடிமையே அல்லாத, ஒரு கல்லூரிப் பேராசிரியரை. விடுதலையும் கல்வியும் பெற்ற பின்னும் ஒரு மனிதரைத் துரத்திவந்த சொல் என்பதே அதன் கொடுமை. 'அடிமை' என்று மாற்றினால் அந்தக் கொடுமை மறைந்துவிடும். நான் அந்தச் சொல்லை வாய்விட்டுப் படிப்பதில்லை, மாணவர்களையும் படிக்க விடுவதில்லை. அச்சில் அது அப்படியே இருக்கும். நாவலைத் தொடங்குமுன் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பிவிடுவேன். அதற்கும் முன்பே, பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றை முழுவதுமாகப் படித்து முடித்திருப்போம். எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய எசமானியை அவள் கணவன் தடுத்துவிட, பால்டிமோர் தெருக்களில் பசியோடு திரிந்த வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அதற்கு ஈடாக அவர்களிடம் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். அடிமையாக இருந்தவரே தம் வாழ்வைச் சொல்லக் கேட்ட பிறகு, ட்வெய்ன் ஜிம்மைச் சித்திரித்த விதத்தில் எங்கே குறை என்பதை மாணவர்களே எடுத்துக்காட்டிவிடுகிறார்கள். அந்த விவாதங்களில் நானும் கற்றிருக்கிறேன்.

இப்படிப் படிப்பதற்கு நேரம் வேண்டும். எங்கள் பாடவேளை 42 நிமிடம். பல மாநிலங்களுக்குப் பொதுவாக 2010-இல் வந்த காமன் கோர் பாடத்தரங்கள், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அமெரிக்க இலக்கியத்தின் அடித்தளப் படைப்புகளை அறிந்திருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் எதையும் முழு நூலாகப் படிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வாசிப்பில் 70 விழுக்காடு தகவல் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கணக்கு, எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துச் சொன்னது. பல பள்ளிகளில் அது ஆங்கில வகுப்பின் தலையில் விழுந்தது. 2024 முதல் கணினி வழியாக நடக்கும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு வாசிப்புப் பத்தி 25 முதல் 150 சொற்களுக்குள் முடிந்துவிடுகிறது. முந்தைய தாள் தேர்வில் 500 சொற்களுக்குக் குறையாது. தேர்வு சுருங்கினால் வகுப்பும் சுருங்கும். நாவலுக்குப் பதில் நாவலின் துண்டு பாடமாகும்.

செவ்வியல் நூல்களின் பட்டியல் மாறவே கூடாது என்று நான் வாதிடவில்லை. 1937-இல் ஒரு நாவல் எழுதிய கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் பின்னர் அடியோடு மறக்கப்பட்டார். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973-இல் அவருடைய கல்லறையைத் தேடிச் சென்று, 1975-இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகே அந்நாவல் மீண்டும் பரவலாக வாசிக்கப்பட்டு, இன்று பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. எந்த நூல் என்பதைவிட, எடுத்த நூலை முழுதாகப் படிக்கிறோமா என்பதே எனக்கு முக்கியம். இந்நாட்டில் அதைப் பெரும்பாலும் அந்தந்த மாவட்டப் பள்ளி வாரியங்களே முடிவு செய்கின்றன. அவற்றின் கூட்டங்களில் பெற்றோர் எவரும் எழுந்து பேசலாம். கணிதப் பாடத்துக்காக எழுந்து பேசும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். இலக்கிய வகுப்புக்காகவும் அவர்கள் பேச வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள். வசந்த காலத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' படிப்போம். 1925-இல் வந்த அந்நூலின் காப்புரிமை அமெரிக்காவில் 2021-இன் தொடக்கத்தோடு நீங்கிவிட்டதால், காசு கொடுத்து வாங்கவேண்டிய தேவையும் இல்லை. விருந்து, கார், மாளிகை என்று திரைப்படம் காட்டியதைத்தான் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில், மகன் கேட்ஸ்பியின் இறுதிச் சடங்குக்காக மினசோட்டாவிலிருந்து வந்த முதியவர், சிறு வயதில் மகன் வைத்திருந்த ஒரு கிழிந்த புத்தகத்தை எடுத்து, அதன் கடைசித் தாளில் 1906 செப்டம்பர் 12 என்று தேதியிட்டு அவன் எழுதிவைத்த கால அட்டவணையைக் காட்டுகிறார். காலை ஆறு மணிக்கு எழுதல், உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, வேலை, பேச்சுப் பயிற்சி. அதன் கீழே, வாரம் ஐந்து டாலர் சேமிக்க வேண்டும் என்று எழுதி, ஐந்தை அடித்து மூன்று என்று திருத்தியிருக்கிறான். பட்டியலின் கடைசி வரி, பெற்றோரிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்பது. தந்தை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துவிட்டு, எதிரில் இருப்பவனின் முகத்தை ஆவலோடு பார்க்கிறார். புத்தகத்தை மூட அவருக்கு மனம் வரவில்லை.

பள்ளி முடிந்ததும் பயிற்சி வகுப்பு, இசை வகுப்பு, நீச்சல் என்று ஓடும் பிள்ளைகள் இந்தப் பக்கத்துக்கு வரும்போது என் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. போன ஆண்டு ஒரு மாணவன், என் அறைச் சுவரிலும் இப்படி ஒன்று ஒட்டியிருக்கிறது, அது என் அப்பாவின் கையெழுத்து என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வரும் வாரத்தில், ஒரு மாலை வகுப்பை மட்டும் விட்டுக்கொடுங்கள். அந்தப் பக்கத்தை உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லி, அருகில் அமர்ந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
நியூ ஜெர்சி, அமெரிக்கா