கதிருக்கு, விடுதி வரைபடம் பற்றி

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய விடுதி வரைபடத்தைத் தம்பி பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தான். வெளிச்சம், காற்று, படிக்கட்டு எல்லாம் நன்றாக யோசித்திருக்கிறாய். ஆனால் வார்டன் அறையைப் பின்பக்க மூலையில், துணி உலர்த்தும் இடத்துக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டாயே! அது எனக்குச் சரியாகப் படவில்லை. பெண்கள் விடுதியில் வார்டனாகவே காலம் தள்ளியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

போன கோடையில் என்னை இங்கிலாந்தில் வின்செஸ்டர் கல்லூரி என்ற பழைய விடுதிப் பள்ளிக்குக் கூட்டிப்போனாய் அல்லவா, அதை நினைத்துப் பார். பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் 1382இல் தொடங்கியது, பிள்ளைகள் 1394இல் குடிவந்தார்கள். இன்றும் உதவித்தொகை மாணவர்கள் அதே சேம்பர் கோர்ட் முற்றத்தைச் சுற்றித்தான் தங்கியிருக்கிறார்கள்.

தெருவிலிருந்து பார்த்தால் கனத்த சுவர்தான், சன்னல் குறைவு. 1381இல் குடியானவர் கலகத்தைப் பார்த்த காலம் அது. வெளிவாசலைத் தாண்டினால் ஒரு முற்றம், அப்புறம் நடுவாசல், அதற்கும் உள்ளேதான் பிள்ளைகள் இருக்கும் முற்றம். கல்லூரித் தலைவரை அங்கே வார்டன் என்பார்கள். அவருடைய அறையை முதலில் வைத்தது அந்த நடுவாசலுக்கு நேர் மேலே! யார் வருகிறார், யார் போகிறார், எந்தப் பிள்ளை முகம் வாடித் திரிகிறது, எல்லாம் சன்னலடியில் நின்றாலே தெரிந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு விடுதியில் என் அறை நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ராத்திரி ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் விடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவரும்.

வின்செஸ்டரில் 70 மாணவர்களுக்குக் கீழ்த்தளத்தில் 6 பெரிய அறைகள் ஒதுக்கினார்கள், ஆசிரியர் முதலான பெரியவர்களுக்கு மாடி. ஒவ்வோர் அறையிலும் வயதிலும் படிப்பிலும் மூத்த, நல்ல நடத்தையுள்ள மாணவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று விக்கம் விதியே எழுதிவைத்தார். படித்தவுடன் எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. வீட்டு நினைப்பில் அழுகிற சின்னப் பிள்ளையை முதலில் தேற்றுவது பக்கத்துக் கட்டில் அக்காதான். உன் வரைபடத்தில் முதலாண்டுப் பிள்ளைகளைத் தனி மாடியில் பிரித்து வைத்திருக்கிறாய். கலந்து போடு.

தனிமையும் வேண்டும்தான், மறுக்கவில்லை. அதற்கு அங்கே பொது அறைக்குள்ளேயே ஆளுக்கொரு மரத்தடுப்பு: மேசை, புத்தகத் தட்டு, சாமான் வைக்க இடம், இருபக்கமும் மறைப்பு. உட்கார்ந்தால் அது அவனுக்கு மட்டுமான இடம், எழுந்தால் நாலு பேர் முகம்.

அந்தக் கல்லூரியின் தேவாலயத்தை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. மேலே கல் என்று நான் நினைத்தது மர வளைவுக் கூரை, தச்சர் ஹியூ ஹெர்லண்ட் செய்தது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கூரையும் அவர் கைவேலைதான். கிழக்குச் சன்னலின் அடியில் அந்தத் தச்சரையும் கொத்தனார் வில்லியம் வின்ஃபோர்டையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். இப்போது இருப்பது 19ஆம் நூற்றாண்டில் செய்த நகல் என்றாலும், வேலை செய்தவனுக்கு இப்படி ஓர் இடம் கொடுத்த கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வார்டன் அறையை முன்வாசல் மாடிக்குக் கொண்டு வா, முற்றத்தைப் பார்த்து ஒரு சன்னல் வை. லிஃப்ட் இடம் மாறும், செலவு கூடும், தெரியும். திருத்திய படத்தைக் கட்டுகிறவர்களிடம் காட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. சமையலறைக் கதவு பற்றியும் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம்.

அம்மா