கொள்ளையில் மன்னருக்கும் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடற்கொள்ளையர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் கப்பல் தலைவர் வில்லியம் கிட்டை மற்றக் கொள்ளையர்களோடு சேர்த்து ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். அவர் யாருக்கும் தெரியாமல் கிளம்பிப்போனவர் அல்ல. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் கொடுத்த அனுமதிப் பத்திரங்களோடு 1696இல் புறப்பட்டவர்.

அப்போது பிரான்சுடன் போர். பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க ஒரு பத்திரம், கடற்கொள்ளையரைப் பிடிக்க இன்னொன்று. இந்த ஏற்பாடு இங்கிலாந்துக்குப் புதிதும் அல்ல. 1243இலேயே மன்னர் மூன்றாம் ஹென்றி இப்படி எழுதிக் கொடுத்து, கிடைப்பதில் பாதியைத் தனக்கென்று கேட்டிருக்கிறார். கஜானாவில் கை வைக்காமல் ஒரு கடற்படை! கிட்டின் கப்பலுக்கு (34 பீரங்கிகள்) முதல் போட்டவர்களில் ஆர்ஃபோர்ட், சோமர்ஸ், பெல்லமாண்ட் போன்ற பெரிய இடத்துப் பிரபுக்கள் உண்டு. மன்னருக்குப் பத்து சதவீதம். மாலுமிகளுக்குச் சம்பளமே கிடையாது. சரக்கு சிக்கினால் பங்கு, இல்லாவிட்டால் பட்டை நாமம்.

1698 ஜனவரி 30ஆம் தேதி, மலபார் கரைக்கு அப்பால் 'குவெடா மெர்ச்சன்ட்' சிக்கியது. வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் பட்டும் மஸ்லினும் ஏற்றிக்கொண்டு போன கப்பல், ஆர்மீனிய வியாபாரிகள் வாடகைக்கு எடுத்தது. கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நெருங்கினார். நம் சிநேகிதர்கள்தான் என்று நம்பி, அந்தக் கப்பல்காரர்கள் பிரெஞ்சுக் கம்பெனியின் பாஸை (பாதுகாப்புச் சீட்டை) எடுத்து நீட்டினார்கள். அவ்வளவுதான், பிரெஞ்சுப் பாஸ் இருந்தால் எதிரிக் கப்பல். அந்தக் கப்பலின் தலைவர் ஓர் ஆங்கிலேயர் என்பது அப்புறம்தான் தெரியவந்தது.

துறைமுகத்தில் சரக்குக் காகிதம் பார்த்தே காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன்: அன்றைய சட்டப்படி இது அப்படியொன்றும் மோசமான வழக்கு அல்ல. கிட் செய்த தப்பு வேறு. பிடித்த கப்பலை முறையான நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் பங்கு பிரிக்க வேண்டும். அவரோ சரக்கில் ஒரு பகுதியை மலபார் கரையிலேயே விற்றுக் காசாக்கிவிட்டார். அதோடு, வில்லியம் மூர் என்ற தன் பீரங்கிக்காரரை வாளியால் அடித்துக் கொன்ற பழியும் அவர்மேல் இருந்தது. அவரை உத்தமர் என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியதில் அரசியலுக்கும் பங்குண்டு. 1695இல் ஹென்றி எவ்ரி என்ற கடற்கொள்ளையர் முகலாயரின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைச் சூறையாடியபோது, சூரத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். இப்போது குவெடா மெர்ச்சன்ட் பறிபோனதில் மறுபடியும் ஔரங்கசீப் தரப்புக்கு ஆத்திரம். கம்பெனிக்கு ஒரு தலை தேவைப்பட்டது. லண்டனிலோ, கிட்டுக்கு முதல் போட்ட பிரபுக்களைக் கவிழ்க்க எதிர்க்கட்சி காத்திருந்தது. பிரபுக்கள் மெல்ல நழுவிக்கொண்டார்கள்.

தன்னைக் காப்பாற்றும் என்று கிட் நம்பியது அந்தப் பிரெஞ்சுப் பாஸ்களைத்தான். தனக்கு முதல் போட்ட பெல்லமாண்டை நம்பி அவரிடம் அவற்றை ஒப்படைத்தார். பெல்லமாண்ட் லண்டனுக்கு அனுப்பிவிட்டார். விசாரணையில் கிட் கேட்டபோது பாஸ்கள் வரவில்லை. 1701 மே 23 அன்று லண்டனின் வாப்பிங்கில் தூக்கிலிட்டார்கள். முதல் முறை கயிறு அறுந்தது, மறுபடியும் ஏற்றினார்கள். பாஸ்கள் எங்கே போயின என்கிறீர்களா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணங்களுக்கு இடையிலிருந்து கிடைத்தன!

1856இல் பாரிஸ் பிரகடனம் இந்த அனுமதி முறையையே ஒழித்தது. அமெரிக்காவும் ஸ்பெயினும் அப்போது அதில் கையெழுத்திடவில்லை என்பது வேறு கதை. அதையும், சரக்கைப் பறிகொடுத்த சூரத் வியாபாரிகளின் கதையையும் தனியாக எழுதினால் என்னைப் போன்ற வாசகர்கள் சந்தோஷப்படுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தூத்துக்குடி