எத்தனை பிக்சலில் கண்டுபிடித்தீர்கள்?

செயற்கைக்கோள் படங்களில் விமானங்களைக் கண்டறியும் கணினி மாடல்களை வெளியிடும் ஆய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம். துல்லியம் எத்தனை சதவீதம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறீர்கள். அது எந்த ரெசல்யூஷனில், அதாவது ஒரு பிக்சல் தரையில் எத்தனை மீட்டரை அடக்கும் படத்தில், கிடைத்தது என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு இறக்கை நுனியிலிருந்து மறுநுனி வரை சுமார் 36 மீட்டர். வேர்ல்ட்வியூ-3 செயற்கைக்கோள் எடுக்கும், பிக்சலுக்கு 31 சென்டிமீட்டர் படத்தில் அது ஏறக்குறைய 115 பிக்சல், எஞ்சின்களை எண்ணிவிடலாம். 3 மீட்டர் படத்தில் 12 பிக்சல். சிலுவை போல ஒரு வடிவம் தெரியும், அவ்வளவுதான். இறக்கை அளவில் அதற்கு இணையான போயிங் 737-800 பக்கத்தில் நின்றால் எது எது என்று சொல்ல முடியாது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் தரும் 10 மீட்டர் படத்தில் நாலு பிக்சல்கூடத் தேறாது. 11 மீட்டர் இறக்கை கொண்ட செஸ்னா 172 அங்கே வெறும் புள்ளி. தரை வெளிர்நிறக் கான்கிரீட்டாக இருந்தால் அந்தப் புள்ளியும் இல்லை. இத்தனைக்கும் சேர்த்து ஒரே சதவீதம் போட்டால் அதை வைத்து நாங்கள் என்ன செய்வது?

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எக்ஸ்வியூ, ரேர்பிளேன்ஸ் போன்ற பயிற்சிப் படத் தொகுப்புகளின் கூர்மையான வேர்ல்ட்வியூ-3 படங்களைச் சுருக்கி, "10 மீட்டரிலும் சோதித்தோம்" என்கிறீர்கள். பிக்சல்களைச் சராசரி எடுத்துச் சுருக்கினால் படத்தில் தாறுமாறாகக் கலக்கும் இரைச்சலும் சேர்ந்து குறைந்துவிடுகிறது. நிஜமான 10 மீட்டர் சென்சாருக்கு அதற்கே உரிய மங்கலும் இரைச்சலும் உண்டு. மங்கலான படத்தைக் கணினியால் கூர்மையாக்கும் சூப்பர் ரெசல்யூஷன் பற்றிச் சொல்லவே வேண்டாம். படத்தில் பதியாத இறக்கையை அது ஊகித்து வரைகிறது. நீங்கள் அதை எண்ணிக்கையில் சேர்க்கிறீர்கள்.

ஒரு வேடிக்கை: சென்டினல்-2 படத்தில் நிற்கும் விமானத்தைவிடப் பறக்கும் விமானம் சில நேரம் எளிதாகச் சிக்கும். நீலம், பச்சை, சிவப்பு பட்டைகள் சிறு கால இடைவெளியில் பதிவாவதால், ஒரே விமானம் மூன்று நிறங்களில் தள்ளித்தள்ளித் தெரியும். இதையும் நிற்கும் விமானங்களோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

கேட்பது அதிகமில்லை. விமானம் எத்தனை பிக்சல் நீளம் என்பதை வைத்து முடிவுகளைப் பிரித்துக் கொடுங்கள். கண்டறிதல் வேறு, ரகம் பிரித்தல் வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அப்புறம், அரிசோனாவின் டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளத்தில் பழைய விமானங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அந்த இடத்தின் நிஜமான 10 மீட்டர் படத்தில் உங்கள் மாடலை ஓட்டி, வருகிற எண்ணிக்கையை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாடல்களைப் பயன்படுத்தும் ஒருவர்