தினம் கேஸ் கணக்கு போட்டீங்க, எங்களுக்கு ஒரு வரி போடலையே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை இருபது வருஷத்துக்கு மேல வாங்குற வீடு எங்களுது. மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கத்தான் முதல்ல வாங்குனோம், அப்புறம் படிக்கிறதுக்குன்னே ஆயிடுச்சு. போன வாரம் மழை விட்டதும் காய்ச்சல் பரவுதுன்னு அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு. கொசு, வெந்நீர், மாஸ்க்குன்னு ஆரம்பிச்சு குழந்தைங்க, மாசமா இருக்கிறவங்க, வயசானவங்க, சுகர் உள்ளவங்கன்னு எல்லாரையும் சொல்லிட்டு கேன்சருக்கு கீமோ மருந்து எடுக்கிறவங்களை மட்டும் விட்டுட்டீங்க. கொரோனா நேரத்துலயும் இப்படித்தான் விட்டீங்க. அதனாலதான் எழுதுறேன். நீளமா போச்சுன்னா வெட்டிக்குங்க, ஆனா காய்ச்சல் பத்தி சொல்ற இடத்துல மட்டும் கை வைக்காதீங்க.

எனக்கு மார்புல கட்டின்னு 2020 ஜனவரியில ஆபரேஷன் ஆச்சு. மார்ச் 4-ஆம் தேதி முதல் கீமோ, பாண்டியில ஒரு ஆஸ்பத்திரியில. செவப்பு மருந்துன்னு சொல்வாங்களே, ஏத்துனப்புறம் யூரின் கூட செவப்பா போகும், அது. 21 நாளைக்கு ஒரு தடவை. விரல் விட்டு எண்ணிப் பாருங்க, ரெண்டாவது தடவை 25-ஆம் தேதி வருது. முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டுல ஊரடங்கு, ராத்திரி 12 மணியில இருந்து நாடு பூரா லாக்டவுன்.

கடலூர்ல இருந்து பாண்டி எவ்ளோ தூரம்னு உங்களுக்கே தெரியும். மஞ்சக்குப்பத்துல பஸ் ஏறுனா ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம்னு ஒரு மணி நேரத்துல போயிடலாம். நாங்க அதை வெளியூராவே நினைச்சதில்ல, துணி எடுக்கப் போவோம், சினிமாவுக்குப் போவோம், சில பேரு எதுக்குப் போவாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல. அன்னைக்குத்தான் அது வேற ஸ்டேட்டுன்னு எனக்கு உறைச்சுது. பஸ் கிடையாது, ஆட்டோ வராது, எல்லையில கட்டை போட்டு நிறுத்திட்டாங்க. ஆஸ்பத்திரி நம்பருக்கு போன் அடிச்சா ரிங் போயிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. ஓபி இருக்கா இல்லையா, கீமோ வார்டு நடக்குதா, லெட்டர் வேணுமா, யாருகிட்ட வாங்கணும், ஒண்ணும் தெரியல. பேப்பரைப் புரட்டுனா இத்தாலியில எத்தனை பேரு செத்தாங்கன்னு இருக்கு, என் வார்டு திறந்திருக்கான்னு இல்ல. பேப்பர்லயே கிருமி ஒட்டிட்டு வரும்னு வேற வாட்ஸப்ல வந்துச்சு, எங்க வூட்டுக்காரரு தினமும் காலையில அதை இஸ்திரி போட்டுத்தான் என் கையில குடுப்பாரு. சூடா வரும், உள்ள ஒண்ணும் இருக்காது.

அப்புறம் பக்கத்து பெட்டுல இருந்த அக்கா நம்பரை தேடிப் பிடிச்சு, அவங்க மூலமா வார்டு சிஸ்டர் நம்பர் கிடைச்சு, அவங்கதான் வார்டு நடக்குதுன்னு சொல்லி ஃபைல்ல இருக்கிற தேதிச்சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி வாட்ஸப்ல போட்டாங்க. 9 நாள் தள்ளி ஏப்ரல் 3-ஆம் தேதி அண்ணன் பையன் டிவிஎஸ் எக்ஸெல்ல உக்கார வச்சு கூட்டிட்டுப் போனான். அந்த சமயத்துலதான் கும்பகோணத்துல இருந்து அறுபது வயசு தாண்டின ஒரு கூலித் தொழிலாளி, கேன்சர் வந்த பொண்டாட்டியை சைக்கிள் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு 120 கிலோமீட்டருக்கு மேல மிதிச்சு பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாரு. டாக்டருங்க பாத்து மருந்து குடுத்து ஆம்புலன்ஸ்லயே ஊருக்கு அனுப்பி வச்சாங்க. எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, எல்லாரும் அவர் பாசத்தை எழுதுனாங்க. எனக்கு அதைப் படிச்சப்ப, இவருக்கு ஒரு போன் நம்பர் கிடைச்சிருந்தா இந்த மிதி மிதிச்சிருக்க வேணாமேன்னுதான் தோணுச்சு.

இப்ப காய்ச்சல் விஷயத்துக்கு வரேன்.

கீமோ போட்டு 7 நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும் நம்ம ரத்தத்துல வெள்ளை அணு ரொம்ப கீழ இறங்கிடும். கிருமி வந்தா சண்டை போட ஆளே இருக்காது. அந்த நேரத்துல உடம்பு சூடு 100.4 வந்துடுச்சுன்னா அது எமர்ஜென்சி, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் போகணும். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுட்டு காலையில பாக்கலாம்னு படுக்கக்கூடாது, மாத்திரை சூட்டை மட்டும் இறக்கி காட்டும், உள்ள கிருமி பாட்டுக்கு வேலையைப் பாக்கும். இதை வார்டுல சொல்லித்தான் அனுப்புனாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கொரோனா பயத்துல எல்லாம் மறந்து போச்சு.

சித்திரை ஒண்ணுக்கு முந்தின ராத்திரி, ஏப்ரல் 13. 101 இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா வார்டுல போட்டுடுவாங்க, அங்கிருந்து திரும்ப மாட்டேன்னு எனக்கு பயம், நாத்தனாரும் அதையேதான் சொன்னாங்க. ஒரு மாத்திரை போட்டேன், வேர்த்துச்சு, 99-க்கு வந்துச்சு, ஆஹா சரியாப் போச்சுன்னு படுத்துட்டேன். விடியக்காலை நாலு மணிக்கு குளிர் தூக்கிப் போடுது, ரெண்டு போர்வை போத்தியும் பல்லு அடிக்குது. சிஸ்டருக்கு போன் அடிச்சா அவங்க ஒரே வார்த்தைதான், "கொரோனா டெஸ்ட்டு அப்புறம் எடுத்துக்கலாம்மா, முதல்ல பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க ஓடுங்க."

108-ல உள்ளூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க காய்ச்சல்னு சொன்னதும் காய்ச்சல் வரிசையில உக்கார வச்சுட்டாங்க. 6 மணிக்கு உக்காந்தவ, 10 மணி வரைக்கும் அதே பெஞ்சுல. அவங்களை முழுசா குத்தம் சொல்ல மாட்டேன், அன்னைக்கு அங்க இருந்த கூட்டம் அப்படி, நானும் வாயைத் திறக்காம காய்ச்சல் காய்ச்சல்னுதான் சொன்னேனே தவிர கீமோன்னு சொல்லல. கடைசியில ஒரு நர்ஸம்மா தலையில கட்டியிருந்த துணி நழுவுனதைப் பாத்து, "முடி எப்பம்மா கொட்டுச்சு?"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான், அரை மணி நேரத்துல டிரிப்ஸ் ஏறுச்சு. வெள்ளை அணு மொத்தமே 700 சொச்சம். சாதாரணமா 4000-க்கு மேல இருக்கணும். வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏறியிருக்க வேண்டிய கேஸு நான்னு அப்புறமா டாக்டர் சொன்னாரு. புது வருஷம் வார்டுலயே பொறந்துச்சு. கொரோனா நெகட்டிவ்.

அதனால ஃபைல் அட்டை மேலயே பெரிய எழுத்துல எழுதி ஒட்டிக்கிட்டேன்: "நான் கீமோ எடுக்கிறேன், கடைசியா போட்டது இந்தத் தேதி, இப்ப காய்ச்சல் இவ்ளோ." எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலும் முதல் வாக்கியம் அதுவாத்தான் இருக்கணும், பேரு ஊரெல்லாம் அப்புறம்.

வீட்டுக்கு வந்தா வேற கூத்து. தெருவுக்குள்ள 108 வந்துச்சுல்ல, எனக்கு கொரோனான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பத்து நாள் எங்க கடையில ஒரு கிலோ உளுந்து கூட போகல. நெகட்டிவ் ரிசல்ட்டை ஜெராக்ஸ் எடுத்து கல்லா பக்கத்துல தொங்க விட்டாரு எங்க வூட்டுக்காரரு. அப்புறம் மே மாசம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டுல இருந்து ஆளுங்க திரும்பி வந்து நம்ம ஜில்லாவுல கேஸு எகிறுனப்ப எல்லாரும் அவங்கவங்க பயத்துல எங்களை மறந்துட்டாங்க, அதுவும் ஒரு வகையில நிம்மதி.

மூணாவது கீமோவுல இருந்து வெள்ளை அணு ஏத்துற ஊசி போடச் சொன்னாங்க, அஞ்சு நாளைக்கு தினம் ஒண்ணு. அதுக்காக தினம் எல்லை தாண்ட முடியுமா, ஊசியைக் கையில குடுத்து பக்கத்து நர்ஸை வச்சுப் போட்டுக்கச் சொன்னாங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கிற மருந்து, வெயில்ல கொண்டு வரணும். நாங்க முதுநகர்ல துறைமுகத்துப் பக்கம், எங்களுக்கு ஐஸுக்கா பஞ்சம், மீன் தெர்மாகோல் பெட்டியை கழுவிக் காய வச்சு ஐஸ் நிரப்பிட்டுப் போனான் பையன். சிஸ்டர் பெட்டியைத் திறந்து பாத்துட்டு சிரிச்சாங்க, அப்புறம் ஐஸு மருந்துல நேரா படக்கூடாது, உறைஞ்சா வீணாயிடும்னு சொல்லி, டப்பாவுக்குள்ள வச்சு டவல்ல சுத்தி, ஐஸுக்கு மேல ஒரு அட்டை வச்சு குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து திறந்தா லேசா வஞ்சிர வாசனை. மருந்துக்கு ஒண்ணும் ஆகல.

வாட்ஸப் பத்தி சொல்லாம விட முடியாது. சொந்தக்காரங்க குரூப்புல கிருமி நாலு நாள் தொண்டையில இருக்கும், வெந்நீர்ல உப்பு போட்டு கொப்பளிச்சா செத்துடும்னு ஒரு டாக்டர் குரல்ல வந்துச்சு. பூண்டு, வேப்பிலை, இஞ்சி, எலுமிச்சை, எல்லாம் என் நல்லதுக்குன்னுதான் அனுப்புனாங்க. தெருவுல கபசுரக் குடிநீர் ஊத்துனாங்க, நானும் டம்ளரோட போயிட்டேன், அப்புறம் ஒரு சந்தேகம் வந்து டாக்டரைக் கேட்டா, "உங்க ஈரல் ஏற்கனவே கீமோ மருந்தை சமாளிச்சுக்கிட்டு இருக்கு, எந்த மூலிகை எதோட மோதும்னு பாக்காம குடிக்காதீங்க, சித்த மருந்து எடுக்கணும்னா என்கிட்டயும் சொல்லுங்க, அவங்ககிட்டயும் கீமோன்னு சொல்லுங்க"ன்னாரு. டம்ளரை வூட்டுக்காரருகிட்ட குடுத்துட்டேன், அவரு மூஞ்சியை சுளிச்சுக்கிட்டு குடிச்சாரு. பல தடவை கை மாறி வர்ற மெசேஜுல ரெட்டை அம்புக்குறி இருக்கும், 2020 ஏப்ரல்ல இருந்து அதை ஒரு நேரத்துக்கு ஒருத்தருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும்னு வாட்ஸப்காரங்களே பண்ணிட்டாங்க. ரெட்டை அம்பைப் பாத்தா நான் படிக்கிறதே இல்ல. அதுக்குப் பதிலா நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போட்டு, தோணுற சந்தேகத்தையெல்லாம் எழுதி வச்சு, சிஸ்டர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கேட்டு, யாரு சொன்னாங்க எந்தத் தேதின்னு பக்கத்துலயே குறிச்சுக்குவேன். பழம் வெட்டி வச்சதை கடையில வாங்கக்கூடாது, முட்டை நல்லா வெந்திருக்கணும், காலையில மொட்டைமாடியில நடக்கலாம், விருந்தாளி வேணாம், இப்படி சின்னச் சின்னதா. விருந்தாளி வேணாம்னதுல ரெண்டு சொந்தம் இன்னும் பேசுறதில்ல.

தடுப்பூசியிலயும் இதே கதைதான். 2021 மார்ச் 1-ல இருந்து 60 வயசு தாண்டினவங்களுக்கும், 45-க்கு மேல குறிப்பிட்ட வியாதி இருக்கிறவங்களுக்கும் போட ஆரம்பிச்சாங்க, அந்த லிஸ்ட்டுல கேன்சர் இருந்துச்சு, டாக்டர் சர்டிபிகேட் வேணும். எனக்கு அப்ப 51, கீமோ முடிஞ்சு மாத்திரையில இருக்கேன். தெருவுல எல்லாரும் கேன்சர் இருந்தா போடவே கூடாதுன்னாங்க, டாக்டர் கண்டிப்பா போடணும்னு கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. ஆபரேஷன் பண்ணாத பக்கத்துக் கையில போடச் சொல்லணும்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அதைச் சொன்னதும் ஊசி போடுற பொண்ணு, "ஆமாக்கா, நல்லவேளை சொன்னீங்க"ன்னுச்சு. ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பக்கம் அக்குள்ல நெறி கட்டிக்கிச்சு, வந்துடுச்சுடா மறுபடியும்னு உயிரே போச்சு, கேட்டா ஊசிக்கு அப்படி கட்டும், தானா இறங்கிடும், சில வாரத்துல இறங்கலைன்னா வாங்கன்னாங்க. இறங்கிடுச்சு.

இதுல எதுவும் பெரிய ரகசியம் இல்ல, ஐயா. வார்டுல இருக்கிற எந்த நர்ஸைக் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. ஆனா வார்டுக்குப் போக முடியாதப்பதானே எங்களுக்கு அது தேவைப்பட்டுச்சு. தினமும் மாவட்ட வாரியா இத்தனை கேஸு, இத்தனை டிஸ்சார்ஜுன்னு கட்டம் கட்டி போட்டீங்க, அதுக்கு கீழ ஒரு சாண் இடத்துல கடலூர், பாண்டி ஆஸ்பத்திரிங்கள்ல எந்த ஓபி நடக்குது, எந்த நம்பர்ல கேக்கலாம், எல்லை தாண்ட என்ன சீட்டு வேணும்னு போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? 104-க்கு போன் பண்ணா உடம்பு சம்மந்தமா கேக்கலாம்னே எனக்கு அந்த வருஷம் ஆடி மாசம்தான் தெரியும், அதுவும் ஒரு ஆட்டோ பின்னாடி படிச்சு. இனிமே இப்படி ஒண்ணு வராம இருக்கட்டும், வந்தா அந்தக் கட்டத்தை முதல் நாள்ல இருந்தே போடுங்க. இப்போதைக்கு, இந்த மழைக்காலக் காய்ச்சல் கட்டுரையோட அடுத்த பகுதியில கீமோ எடுக்கிறவங்களுக்கு 100.4 பத்தி ரெண்டு வரி சேருங்க.

எங்க பின்தெரு பொண்ணு ஒண்ணுக்கு போன மாசம்தான் கீமோ ஆரம்பிச்சிருக்கு, சின்ன வயசு, ரெண்டு பிள்ளைங்க. உங்க கட்டுரையைக் கையில வச்சுக்கிட்டு, "அக்கா, இதுல எனக்கு எது?"ன்னு கேட்டுச்சு. என் பழைய தெர்மாமீட்டரையும் நோட்டையும் குடுத்தனுப்பியிருக்கேன். தெர்மாமீட்டருக்கு பேட்டரி மட்டும் மாத்தணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.